கிறிஸ்துமஸ் மரச் சாகுபடியும் பிளாஸ்டிக் மரமும்

மார்கழி மாதத்தில் கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கும்போது, மேனாடுகளில் ஆண்டுதோறும் ஒரு விவாதம் தவறாமல் எழுகின்றது. வீட்டிற்குள் நிறுத்தி விளக்கும் மணியும் தொங்கவிட்டு அலங்கரிக்கும் மரம், மண்ணில் விளைந்த மரமாயிருத்தல் நலமா, ஆலையிற் செய்த பிளாஸ்டிக் மரமாயிருத்தல் நலமா என்பதே அவ்விவாதம். பண்டிகைக்காக மரத்தை வெட்டினால் காடு அழியும், ஆகையால் ஒருமுறை பிளாஸ்டிக் மரத்தை வாங்கிப் பல்லாண்டு வைத்துக்கொள்வதே இயற்கைக்குச் செய்யும் உபகாரம் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். இக்கூற்று கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகின்றது. ஆனால் இது பெரும்பாலும் பிழையென்பது எமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இங்கு எடுத்துக் கூறுவோம்.

எங்கோ குளிர் நாட்டிலுள்ள குடும்பங்கள் தங்கள் கூடத்தில் எதை நிறுத்தினால் நமக்கென்ன என்று வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். உண்மையில் இது ஒரு சாகுபடியைப் பற்றிய விவாதம். விளைநிலத்தில் ஏழு முதல் பத்தாண்டு வரை பாடுபட்டு வளர்க்கும் ஒரு பயிரை ஆலைச் சரக்கொன்று சந்தையினின்றும் தள்ளுகின்றது. அவ்வாறு தள்ளுவதற்கு இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயரையே காரணமாகவும் காட்டுகின்றது. நிலமுடையோர் எந்த நாட்டினராயினும் இதனைக் கவனிக்கவேண்டும். இன்று ஃபர் மரத்திற்கு நேர்ந்தது நாளை வேறொரு விளைபொருளுக்கும் நேரலாம். மல்லிகையும் சாமந்தியும் பயிரிடுவோர் பிளாஸ்டிக் மாலைகளைக் கடைவீதியில் கண்டு இதனை முன்பே உணர்ந்திருப்பர்.

காடு அழியும் என்ற அச்சம் ஒரு காலத்தில் நியாயமானதாகவே இருந்தது. ஜெர்மனி தேசத்தில் தோன்றிய இவ்வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பரவியபோது, கிறிஸ்துமஸ் மரத்தைப் பயிராகச் செய்தவர் அரியர். காட்டிற்குச் சென்று வடிவான இளமரத்தை வெட்டி வண்டியிலேற்றிக் கொண்டுவருவதே வழக்கமாயிருந்தது. நுனி நன்றாக இருக்கவேண்டுமென்று பெரிய மரத்தின் தலையை வெட்டி, அடிமரத்தை விட்டுப் போனவர்களும் உண்டு. ஜெர்மனியில் இதனைக் கண்டு மனம் வருந்தியவர்கள் வாத்தின் இறகைப் பச்சைச் சாயத்தில் தோய்த்துக் கம்பியிற் சுற்றிக் கிளைகளாக்கிச் செயற்கை மரம் செய்தனர். ஆகவே செயற்கை மரம் என்பது பிளாஸ்டிக்குக்கு முன்னமே பிறந்துவிட்டது.

அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தியோடோர் ரூஸ்வெல்ட் காடுகளைக் காப்பதில் மிக்க ஊக்கமுடையவர். அவர் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கும் வழக்கமில்லை. 1902ஆம் ஆண்டுப் பண்டிகையன்று அவருடைய எட்டு வயது மகன் ஆர்ச்சி ஒரு சிறு மரத்தை இரகசியமாகக் கொண்டுவந்து, வெள்ளை மாளிகையில் துணிமணிகள் வைக்கும் அறையொன்றில் மறைத்து வைத்து அலங்கரித்திருந்தான். காட்டின்மீது கொண்ட பற்றினாலேதான் தந்தையார் மரத்தை விலக்கி வைத்தார் என்று பிற்காலத்தில் கதை வளர்ந்துவிட்டது. கதை எப்படியாயினும், அக்காலத்தில் மரம் வெட்டுவது காட்டில் கை வைப்பதே என்று மக்கள் எண்ணியது உண்மை.

அந்த நிலைமையை மாற்றியவர்கள் விவசாயிகளே. 1901ஆம் ஆண்டில் நியூஜெர்ஸி மாகாணத்தில் மக்காலியார்டு என்னும் குடியானவர் தமது நிலத்தில் 25,000 ஸ்புரூஸ் நாற்றுக்களை நட்டார். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரத்தை வரிசை பிடித்துப் பயிராக்கியதற்கு இதனையே முதல் உதாரணமாகக் கூறுவர். அதன் பின்னர் இச்சாகுபடி படிப்படியாகப் பரவியது. மற்றொரு ரூஸ்வெல்ட்டும் இத்தொழிலிற் புகுந்தார். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஹைட் பார்க் என்னுமிடத்திலிருந்த தமது குடும்ப நிலத்தில் கிறிஸ்துமஸ் மரம் வளர்த்து விற்பனை செய்தார். தம்மை மரம் வளர்க்கும் விவசாயி என்று சொல்லிக்கொள்வதில் அந்த ஜனாதிபதிக்கு மிக்க திருப்தி இருந்தது.

இக்காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வரும் மரங்களிற் பெரும்பாலானவை பண்ணை நிலத்தில் நட்டு வளர்த்தவையே. அமெரிக்க அரசாங்கத்தின் 2017ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி, சுமார் 2,95,000 ஏக்கர் நிலத்தில் இச்சாகுபடி நடைபெற்றது. அவ்வாண்டு வெட்டிய மரங்கள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி. மரம் வளர்ப்போர் சங்கத்தார் ஆண்டுதோறும் இரண்டரை முதல் மூன்று கோடி மரம் விற்பதாகவும், பண்ணைகளில் எந்நேரமும் சுமார் 35 கோடி மரம் நிற்பதாகவும் கூறுகின்றனர். இரு கணக்குகளும் ஒத்துப்போகவில்லை. சங்கத்தார் தங்கள் தொழிலைச் சற்றுப் பெரிதாகக் காட்டுவது எந்நாட்டிலும் இயல்பே. ஆயினும் எக்கணக்கைக் கொண்டாலும் பின்வரும் விஷயம் மாறாது. ஒரு பண்ணையில் ஓராண்டில் வெட்டுவது சுமார் பத்தில் ஒரு பங்கு. மற்ற ஒன்பது பங்கும் நிலத்தில் நின்றுகொண்டேயிருக்கும். வெட்டிய இடத்தில் அடுத்த வசந்த காலத்தில் புது நாற்று ஏறிவிடும். நம் கடற்கரைப் பகுதிகளில் சவுக்குத் தோப்பை முறை வைத்து வெட்டுவோருக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. சவுக்கு வெட்டினால் காடு அழிந்தது என்று எவரும் அழுவதில்லையன்றோ.

இச்சாகுபடியின் விவரம் நமது வாசகர்களுக்குச் சுவையாயிருக்கும் என்பதால் சற்று விரித்துரைப்போம். அமெரிக்காவில் ஓரிகன் மாகாணம் இதில் முதலிடத்தில் நிற்கின்றது. அதற்கடுத்தது வட கரோலினா. வட கரோலினாவின் மலைச் சரிவுகளில் பயிராவது பிரேஸர் ஃபர் என்னும் இனம். இதன் விதையை முளைக்கவைத்து நாற்றங்காலிலும், பின்பு அதனினும் அகன்ற இரண்டாம் நாற்றங்காலிலுமாக நான்கைந்தாண்டு வளர்த்த பிறகே நடவு நிலத்திற்குக் கொண்டுவருகின்றனர். ஐந்தடிக்கு ஐந்தடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 1,700க்குச் சற்று மேற்பட்ட நாற்றுப் பிடிக்கும். அதன் பின்னர் ஏழாண்டு முதல் பத்தாண்டு வரை காத்திருந்தாற்றான் ஆளுயரத்திற்கு மேற்பட்ட மரம் கிடைக்கும். அதுவரை சும்மா இருக்க முடியாது. மரம் கோபுரம்போற் கூம்பிய வடிவத்தில் அடர்ந்து வரவேண்டுமாகையால் ஒவ்வோராண்டும் கோடையில் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி நடந்து கத்தியாற் கவாத்து செய்யவேண்டும். பெரும்பாலும் கையால் செய்யும் வேலை இது. மலைச் சரிவில் இயந்திரம் ஏறாது.

நோயும் பூச்சியும் இப்பயிரை விட்டு வைக்கவில்லை. பைட்டாப்தரா என்னும் நுண்ணுயிரால் வரும் வேரழுகல் பிரேஸர் ஃபர் மரத்திற்கு எமனாக வாய்த்துள்ளது. நம்மூர் வெற்றிலைக் கொடிக்காலிலும் மிளகுத் தோட்டத்திலும் வாடலை உண்டாக்குவது இதே இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களே. நீர் தேங்கும் நிலத்தில் இந்நோய் ஒருமுறை புகுந்துவிட்டால், அந்நிலத்தில் மீண்டும் அம்மரத்தை நட்டு லாபமெடுப்பது அரிது. ஐரோப்பாவினின்றும் தற்செயலாகக் குடியேறிய ஓர் அசுவுணி வகைப் பூச்சியும் உண்டு. வட கரோலினாவின் மிட்செல் சிகரத்தில் 1957ஆம் ஆண்டில் அதனைக் கண்டனர். பிறகு அச்சிகரத்திலும் அண்டை மலைகளிலும் இயற்கையாக வளர்ந்திருந்த பிரேஸர் ஃபர் காடுகளில் முதிர்ந்த மரங்கள் ஏராளமாக மடிந்தன. அவ்வினம் இன்று காட்டில் அழியும் நிலையிலுள்ள மரமாகக் கணிக்கப்படுகின்றது. பண்ணையிலோ கோடிக்கணக்கில் நிற்கின்றது. கிறிஸ்துமஸ் மரம் காட்டை அழிக்கின்றதென்று கூறுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். அக்காட்டை அழித்தது கோடரி அன்று. கப்பலேறி வந்த பூச்சி.

நீண்டகாலப் பயிருக்கு நேரும் சந்தைத் தொல்லைகளும் இதற்கு உண்டு. 2008ஆம் ஆண்டில் உலகெங்கும் வியாபாரம் மந்தமானபோது அமெரிக்காவில் மரம் மிகுந்தும் விலை குறைந்தும் இருந்தன. கையிற் பணமில்லாத விவசாயிகள் புது நடவைக் குறைத்தனர். பலர் தொழிலையே விட்டனர். எட்டாண்டு கழித்து, 2016, 2017ஆம் ஆண்டுகளில் மரத்திற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியது. அப்போது விற்பதற்கு மரம் உள்ளவன் பிழைத்தான். இல்லாதவன் எட்டாண்டுக்கு முன் நடாத நாற்றை எண்ணி வருந்தினான். மரம் கிடைக்காத வீட்டாரோ பிளாஸ்டிக் மரம் வாங்கினர். அவ்வாறு வாங்கியவர் அடுத்த ஆண்டு பண்ணைக்குத் திரும்பி வருவாரென்று எதிர்பார்க்கவியலாது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓரிகனில் வீசிய கடும் வெப்பத்தினால் அவ்வாண்டு நட்ட இளநாற்றுக்கள் கருகிப் போயின. அந்நஷ்டத்தின் முழு அளவு சந்தையில் தெரிவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆகும்.

பிளாஸ்டிக் மரத்தின் விஷயம் சுருக்கமாகவே கூறத்தக்கது. இரும்புக் கம்பியில் பி.வி.ஸி. என்னும் பிளாஸ்டிக் தகட்டை நறுக்கி முறுக்கி இலையாகச் செய்வர். விலையுயர்ந்தவற்றில் பாலிதீன் வகையை அச்சில் வார்ப்பதும் உண்டு. உலகச் சந்தைக்கு வருவனவற்றிற் பெரும்பகுதி சீன தேசத்து ஆலைகளில் உற்பத்தியாகிக் கப்பலில் வருவன. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டில் எடுத்த ஒரு கணக்கின்படி, வீடுகளில் நிறுத்திய மரங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் செயற்கை மரங்களே. விவசாயி ஏற்கெனவே பெரும்பகுதிச் சந்தையை இழந்துவிட்டான் என்பது இதனால் விளங்கும்.

இனி இயற்கைக்கு எது நலம் என்ற கணக்கிற்கு வருவோம். இக்காலத்தில் ஒரு பொருள் பிறந்ததுமுதல் குப்பையாகும் வரையில் அதனால் வெளிப்படும் கரியமில வாயுவையும் அதையொத்த வாயுக்களையும் கூட்டி எடைபோடும் முறை ஒன்றுண்டு. இங்கிலாந்திலுள்ள கார்பன் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனத்தார் போட்ட கணக்கில், ஏறக்குறைய ஆறரையடி உயரமுள்ள பிளாஸ்டிக் மரம் ஒன்றிற்குச் சுமார் 40 கிலோ ஆகின்றது. அதே உயரமுள்ள உண்மை மரத்தைப் பண்டிகை முடிந்தபின் எரித்தாலோ, துண்டாக்கி நிலத்தில் பரப்பினாலோ சுமார் மூன்றரைக் கிலோ மட்டுமே. குப்பைமேட்டிற் புதைத்தால் 16 கிலோ. எரிப்பதைவிடப் புதைப்பது ஏன் அதிகக் கெடுதல் என்று ஐயம் எழலாம். காற்றுப் புகாத குப்பைக் குவியலில் மரம் அழுகும்போது மீதேன் வாயு உண்டாகின்றது. சாண எரிவாயுக் கலத்தில் நாம் உண்டாக்கி அடுப்பெரிப்பதும் அதுவே. எரிக்காமல் வெளியே விட்டால் அது கரியமில வாயுவைக் காட்டிலும் பன்மடங்கு வெப்பத்தை ஆகாயத்தில் நிறுத்தி வைக்கும்.

மேற்கண்ட எண்களைக் கொண்டு வகுத்துப் பார்த்தால், நல்ல முறையிற் கழிக்கும் உண்மை மரத்திற்கு ஒரு பிளாஸ்டிக் மரம் சமமாகவேண்டுமானால் அதனைச் சுமார் பன்னிரண்டு ஆண்டு உபயோகிக்கவேண்டும். கனடா தேசத்து மான்ட்ரியால் நகரில் 2009ஆம் ஆண்டில் ஓர் ஆலோசனை நிறுவனத்தார் போட்ட கணக்கிலோ ஏறக்குறைய இருபதாண்டு என்று முடிவு வந்தது. செயற்கை மரம் விற்போரின் சங்கத்தார் 2018ஆம் ஆண்டில் செய்வித்த கணக்கில் ஐந்தாண்டே போதுமென்று கண்டனர். ஐந்திற்கும் இருபதிற்கும் இவ்வளவு தூரம் ஏன் என்றால், மரத்தை எங்கிருந்து கொண்டுவந்தது, வாங்குவோர் எத்தனை மைல் காரில் சென்றார், பண்டிகைக்குப் பின் மரம் எங்கே போயிற்று என்பவற்றை அவரவர் வெவ்வேறாக எடுத்துக்கொண்டதே காரணம். கணக்குப் பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று பார்த்த பின்னரே தொகையை நம்பவேண்டும் என்பது கிராமத்தில் வரவு செலவு பார்த்த எவருக்கும் தெரிந்ததே.

இதிற் கவனிக்கற்பாலது ஒன்று உண்டு. பிளாஸ்டிக் மரத்தினால் நேரும் கெடுதலில் பெரும்பகுதி அதனை ஆலையிற் செய்யும்போதே முடிந்துவிடுகின்றது. ஆகவே ஏற்கெனவே ஒருவர் வீட்டில் பிளாஸ்டிக் மரம் இருக்குமாயின், அதனை வீசியெறிந்துவிட்டு உண்மை மரம் வாங்குங்களென்று நாம் கூறமாட்டோம். அது உதிர்ந்து போகும்வரை வைத்திருப்பதே விவேகம். நமது வாதம் புதிதாக வாங்குவோருக்கே. பத்தாண்டு வைத்திருப்பேன் என்று சொல்லி வாங்குவோர் பலர். ஐந்தாறு ஆண்டில் இலை உதிர்ந்தது, நிறம் மங்கியது, அண்டை வீட்டார் வெள்ளி நிறத்தில் வாங்கிவிட்டனர் என்று மாற்றுவோரும் பலர். மான்ட்ரியால் கணக்கை எழுதியவர்கள் செயற்கை மரத்தின் ஆயுளை ஆறாண்டு என்றே வைத்துக்கொண்டனர்.

தொகையும் அவ்வளவு பெரிதன்று என்பதையும் மறைக்காமற் கூறவேண்டும். ஒரு சாதாரணப் பெட்ரோல் கார் சுமார் 200 கிலோமீட்டர் ஓடினால் வெளிவரும் வாயுவே அந்த 40 கிலோ. மரம் வாங்குவதற்கென்றே நகரத்திலிருந்து மலைக்குக் காரில் சென்று திரும்புவோர், மரத்தினாற் கிடைத்த நன்மையை வழியிலேயே செலவிட்டு விடுகின்றனர். ஆகையால் வாயுக்கணக்கு ஒன்றையே பிடித்துக்கொண்டு வாதாடுவது எமக்கு உடன்பாடன்று. எமக்கு முக்கியமாகத் தோன்றுவது நிலம். வட கரோலினாவின் மலைச் சரிவு நெல்லுக்கோ சோளத்திற்கோ ஏற்றதன்று. மரம் விற்கும்வரை அச்சரிவில் மரம் நிற்கும். மண் அரியாமல் இருக்கும். அந்த ஊரார் ஊரிலேயே இருப்பர். மரம் விலைபோகாவிட்டால், மலைக்காட்சியை விரும்பும் செல்வர்களுக்கு வீட்டு மனையாக நிலம் கைமாறும். மரத்தை வாங்க மறுப்பவர் மரத்தைக் காப்பாற்றுவதாக எண்ணுகின்றார். அவர் வாங்காத மரத்தின் இடத்தில் அடுத்த ஆண்டு நாற்று நடுவாரில்லை என்பதை அவர் அறியார்.

இவ்வாறு கூறுவதால் மரச் சாகுபடி செய்வோர் யாவரும் குற்றமற்றவர் என்று எவரும் கொள்ளவேண்டாம். ஒரே இனத்தைப் பரந்த நிலத்தில் வைத்துக் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் மிகுதியாகத் தெளிக்கும் பண்ணைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளன. வரிசைகளுக்கிடையே புல் பூண்டு ஒன்றுமில்லாமற் கரட்டு மண்ணாக விட்டால், மழைக்கு அம்மண் ஓடையிற் போய்ச் சேரும். அருகிலுள்ளோர் இதனை எதிர்த்துக் குரலெழுப்புவது தவறன்று. வட கரோலினாவில் பல விவசாயிகள் களையை அடியோடு கொல்லாமல், வெள்ளைக் குளோவர் என்னும் பயறு இனப் பூண்டை வரிசைகளுக்கிடையே படரவிட்டு, மண்ணை மூடியும் தழைச்சத்தைச் சேர்த்தும் வருகின்றனர். அதிலுள்ள நல்ல பூச்சிகள் அசுவுணியைத் தின்பதால் மருந்துச் செலவும் குறைகின்றது. ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் வேறொரு யுக்தி கையாளுகின்றனர். ஷ்ராப்ஷயர் என்னும் இங்கிலாந்துச் செம்மறியாட்டினம் ஊசியிலை மரத்தைக் கடிப்பது அரிது. புல்லை மட்டும் மேயும். அவ்வாடுகளைத் தோப்பினுள் விட்டுவிட்டால் களையெடுக்கும் கூலியும் மருந்தும் மிச்சம், எருவும் கிடைக்கும், கம்பளியும் இறைச்சியும் தனி வருவாய். தென்னந்தோப்பில் ஆட்டுக்கிடை வைத்துப் பழகிய நமது குடியானவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் எவ்வினம் எம்மரத்தைக் கடிக்காது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த அவர்கள் கூர்மை பாராட்டத்தக்கது.

மற்றொரு குறையும் சொல்லத்தக்கது. ஐரோப்பாவில் மிகுதியாக விற்பனையாகும் நார்ட்மன் ஃபர் மரத்தின் தாயகம் காகசஸ் மலை. அதன் விதையிற் பெரும்பகுதி ஜார்ஜியா தேசத்தின் ராச்சா பகுதிக் காடுகளிலிருந்து வருகின்றது. அங்கே நெடிய மரங்களின் உச்சியில் ஏறிக் காய் பறிக்கும் கூலியாட்களுக்கு உயிராபத்து மிகுதி. அவர்கள் பெறும் பங்கோ, மரம் கடையில் விற்கும் விலையில் மிகச் சொற்பம். விதை எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் மரம் வாங்குவோரிடம் இன்னும் பரவவில்லை.

கிராம அதிகாரிகளும் நகரசபை உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்ளத்தக்க பகுதி, பண்டிகைக்குப் பின் அந்நாட்டார் மரத்தை என்ன செய்கின்றனர் என்பதே. மேற்கண்ட கணக்கில் மூன்றரைக் கிலோவிற்கும் 16 கிலோவிற்கும் உள்ள வித்தியாசம் விவசாயி கையில் இல்லை. குப்பை அள்ளும் ஸ்தாபனத்தின் கையிலேயே உள்ளது. நியூயார்க் நகரத்தில் ஜனவரி மாதத்தில் பூங்காக்களில் இயந்திரங்களை நிறுத்தி, மக்கள் கொண்டுவரும் மரங்களைத் தூளாக்கிச் செடிகளுக்கு மூடாக்காகப் பரப்புகின்றனர். லூயிஸியானா மாகாணத்தில் கடலரிப்பினால் கரையும் சதுப்பு நிலங்களில் கழிகளால் வேலி கட்டி, அதனுள் பழைய மரங்களை அடைத்து, அலையின் வேகத்தைத் தணித்து வண்டலைப் படியச் செய்கின்றனர். இங்கிலாந்தில் லங்காஷயர் கடற்கரையிலுள்ள லித்தம் செயின்ட் ஆன்ஸ் என்னுமூரில், மணற்குன்றுகளின் முன்னே மரங்களைப் பாதி புதைத்து நிறுத்துகின்றனர். காற்றில் வரும் மணல் அவற்றிற் சிக்கிப் புதுக் குன்றாகின்றது. பெர்லின் மிருகக்காட்சி சாலையில் விற்காமல் மீந்த மரங்களை யானைகளுக்குத் தீனியாகப் போடுகின்றனர். வீடுகளில் அலங்கரித்த மரங்களை மட்டும் அவர்கள் ஏற்பதில்லை. கம்பியும் சாயமும் ஒட்டியிருக்குமென்ற அச்சமே காரணம்.

பிளாஸ்டிக் மரத்திற்கு இவற்றில் ஒரு வழியும் இல்லை. இரும்பும் பி.வி.ஸி.யும் பின்னிக் கிடப்பதால் அதனைப் பிரித்து மீண்டும் உருக்குவது இயலாத காரியமாகவே இருந்து வருகின்றது. தெருவோரத்திற் போட்டுக் கொளுத்தினால் பி.வி.ஸி.யினின்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும், டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சும் வெளிப்படும். எந்த ஊரிலும் இதனைக் கொளுத்த அதிகாரிகள் அனுமதிக்கலாகாது.

நமது நாட்டைப் பொறுத்தவரை ஒன்று கூறி முடிப்போம். தமிழ் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல, ஃபர் மரம் கிடைக்காத இந்நாட்டில் சவுக்குக் கிளையையே கிறிஸ்துமஸ் மரமாக நெடுங்காலமாக வைத்து வந்துள்ளன. சவுக்கு உண்மையில் ஊசியிலை மர வகுப்பைச் சேர்ந்ததன்று. ஊசிபோற் காண்பவை அதன் மெல்லிய கிளைகளே, இலையோ கணுக்களில் செதிலாக ஒட்டியிருக்கும். வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிரினால் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே பெறுவதால் கடற்கரை மணலிலும் செழிக்கின்றது. பண்டிகைக்கென்று எவரும் அதனை நடுவதில்லை. விறகுக்கும் கழிக்கும் காகித ஆலைக்கும் நட்ட மரத்தை நாலைந்தாண்டில் வெட்டும்போது, கழிக்கு உதவாத நுனியும் பக்கக் கிளையும் மீந்து கிடக்கும். அதனையே பண்டிகைக்குக் கொடுக்கின்றோம். மேனாட்டுக் கணக்கில் உண்மை மரத்திற்குச் சேர்க்கும் நாற்று, மருந்து, கவாத்துச் செலவுகளில் ஒன்றும் இதற்கெனத் தனியே இல்லை. இத்தகைய கிளை அடுத்த ஊர்த் தோப்பிற் கிடைக்கும்போது, கடல் கடந்து வந்த பிளாஸ்டிக் மரத்தை வாங்குவதற்கு இயற்கைப் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்வது எவ்விதத்திலும் பொருந்தாது.

சிலர் மேனாட்டு மரங்களையே நீலகிரியிலும் பழனி மலையிலும் பயிராக்கலாமே என்று எம்மிடம் கூறியதுண்டு. இதனை நாம் ஆதரிக்கவில்லை. பைன், யூகலிப்டஸ், வாட்டில் ஆகிய அயல் நாட்டு மரங்களை அம்மலைகளில் நட்டதனால் சோலைக்காடுகளை அடுத்த புல்வெளிகள் எவ்வளவு சுருங்கின என்பதைக் கண்ட பின்னரும் அதே வழியில் மற்றோரினத்தைக் கொண்டுபோவது தகாது. மலையின் பச்சைப் புல்வெளி மழைநீரைப் பிடித்து ஆற்றிற்கு விடுவது; அது தரிசு அன்று.

சவுக்குத் தோப்புடையோர் மார்கழி முதல் வாரத்தில் வெட்டு வருமாறு ஒரு சிறு பகுதியை ஒதுக்கினால், வழக்கமாக விறகோடு போகும் நுனிகளை ஆறடி ஏழடி அளவில் நறுக்கித் தனியே விற்கலாம். வெட்டியவுடன் நிழலில் வைத்து, அடியை ஈரச் சாக்கினாற் சுற்றி அனுப்பினால் பச்சை நிறம் சில நாள் நிற்கும். வாங்குவோர் அதனை ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டு, நாள்தோறும் சிறிது நீர் ஊற்றி வரவேண்டும். விளக்குகளை உலர்ந்த கிளையின்மீது சுற்றுவது தீ விபத்துக்கு இடமாகும். பண்டிகைக்குப் பின் சவுக்குத் தழையை எருக்குழியிற் போடுவதால் உடனடிப் பயனில்லை, அது மக்குவதற்கு நெடுநாளாகும். தென்னம்பாத்தியில் மூடாக்காகப் பரப்பலாம்; கிளையை அடுப்பெரிக்கலாம். ஒட்டிய ஜிகினாத் தாளையும் கம்பியையும் மட்டும் முன்னதாகவே நீக்கிவிடவேண்டும்.